நேர்காணலுக்குப் போட்ட கஞ்சி

நல்லகாமன் தெருவில் வரும்போது முதலில் வருவது சட்டைதான். உள்ளே ஆள் இருப்பது கொஞ்சம் கிட்டத்தில் வந்த பிறகே தெரியும். எழுமலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அவன் கட்சியின் கிளைச் செயலாளர். இரண்டு கக்கத்திலும் தேங்காய் இடுக்கியவன்போல, கைகளை உடம்பில் ஒட்டவிடாமல் நடப்பான். ஒட்டினால் மடிப்பு கலையும். நாற்காலியில் சாயமாட்டான். யாராவது கட்டிப்பிடிக்க வந்தால் தூரத்திலேயே பெரிய கும்பிடாகப் போட்டு நிறுத்திவிடுவான். விஷயம் தெரியாதவர்கள் இதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

சட்டையை அப்படி நிற்கவைத்தது அவன் மனைவி ஜெயக்கொடி. வீட்டில் குக்கர் இருந்தது. ஆனால் குக்கரில் சோறு வைத்தால் கஞ்சி கிடைக்காது. ஆகவே கட்சிக் கூட்டம், கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு என்று எது வந்தாலும் அதற்கு முந்தின நாள் அவள் பானையில்தான் உலை வைத்தாள். ரேஷன் புழுங்கலரிசிக் கஞ்சிதான் காலருக்கு நல்லது என்று நல்லகாமன் ஒருமுறை கண்டுபிடித்துச் சொன்னதிலிருந்து வீட்டில் வேறு அரிசி வாங்குவதும் நின்றுபோனது. அந்த வீட்டில் என்றைக்கு என்ன சோறு என்பதை முடிவு செய்தது வயிறு அல்ல, சட்டை.

கஞ்சியைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் கலந்து, சொட்டு நீலம் விட்டு, சட்டையை உள்புறம் வெளியே வரத் திருப்பி முக்கி, முறுக்காமல் பிழிந்து காயப்போட வேண்டும். காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். அதன்மேல் தண்ணீர் தெளித்துச் சுருட்டிவைத்து, ஈரம் எங்கும் ஒன்றுபோல் பரவிய பிறகு தேய்க்க வேண்டும். ஜெயக்கொடி இதைச் செய்யும் நேரத்தில் நல்லகாமன் பனியனோடு உட்கார்ந்து செல்போனில் தன் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மேடையில் அவன் இதைப் பெருமையாகவே சொல்வான். "இது கடைல போட்ட கஞ்சியில்ல. எங்க வீட்டம்மா கையால போட்டது. ஆம்பளைக்கு மரியாதைங்கிறது வீட்டுக்குள்ளயிருந்து வரணும்." மகளிர் தினக் கூட்டத்தில்கூட இதைத்தான் பேசினான். பெண்களைப் பாராட்டிவிட்டதாகவே நினைத்து இறங்கினான்.

பக்கத்து ஊர்க் கிளைச் செயலாளர் தவசி அவனுக்குப் பங்காளி முறை, பதவிக்குப் போட்டி. தவசியின் மனைவி முனீஸ்வரிக்குக் கை ஒடிந்து கட்டுப் போட்டிருந்த சமயம், தவசி தன் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டிருந்ததை நல்லகாமன் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். அடுத்த கூட்டத்துக்குள் ஒன்றியம் முழுக்கத் தெரிந்துவிட்டது. "தவசிண்ணே, எங்க வீட்லயும் நாலு துணி கெடக்கு, வாரீகளா?" என்று டீக்கடைகளில் கேட்டார்கள். தவசி அந்த வருடம் கொடியேற்ற நிகழ்ச்சிக்கே வரவில்லை.

இப்படியிருக்கையில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. நல்லகாமன் வெகுநாளாகக் கண் வைத்திருந்த ஒன்றியக் கவுன்சிலர் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. ஒரு நாள் பூராவும் சட்டையில்லாமல் படுத்துக் கிடந்தான். மறுநாள் காலையில் எழுந்து ஜெயக்கொடி பெயரில் விருப்ப மனு கொடுத்துவிட்டு வந்தான். அவனைப் பொறுத்தவரை விஷயம் அதே விஷயம்தான். போஸ்டரில் ஒரு பெயர் கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

ஜெயக்கொடியைப் பொறுத்தவரை அது அவ்வளவுதான் இல்லை. மகளிர் குழுவுக்குத் தலைவியாக இருந்தவள். நூறு நாள் வேலையில் ஆள் கணக்குப் பார்த்தவள். எந்தத் தெருவில் குழாய் எப்போது நின்றது, எந்தக் கிழவிக்கு உதவித்தொகை எதற்காக நிறுத்தப்பட்டது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். இதையெல்லாம் பல தடவை நல்லகாமனிடம் சொல்லி, அவன் "பாப்போம்" என்று சொல்லி, அதோடு போயிருக்கிறது. மனுவில் தன் பெயரைப் பார்த்ததும் முதல்முறையாக, யாரிடமும் சொல்லாமல் தானே போய்க் கேட்டுவிடலாமே என்று தோன்றிவிட்டது. அந்த நினைப்பு வந்த பிறகு அவளுக்கு வேறு எதுவும் சரியாக ஓடவில்லை.

அவர்கள் வார்டுக்கு மனுப் போட்டவர்கள் இரண்டே பேர். ஜெயக்கொடியும் முனீஸ்வரியும். மதுரையில் நேர்காணல். அதற்கு முன்பாகக் கட்சித் தலைமையிலிருந்து கண்டிப்பாக ஓர் உத்தரவு வந்திருந்தது. போன தேர்தலில் நடந்த கறிச்சோற்று விவகாரம் பேப்பரில் வந்து மானம் போய்விட்டதால், இந்த முறை வேட்பாளர் பட்டியல் வருவதற்குள் யாராவது ஊரைக் கூட்டி விருந்து போட்டதாகத் தெரிந்தால், அந்த மனு அப்படியே தள்ளுபடி.

நேர்காணலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நல்லகாமன் தன் சட்டையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தான்.

"இந்தா, இத முக்கிப் போடு."

"கஞ்சி இல்லியே," என்றாள் ஜெயக்கொடி.

"இல்லன்னா?"

"குக்கர்ல வச்சுட்டேன்."

"நாளான்னைக்கு நேர்காணல். இன்னைக்கு எந்தக் கிறுக்கியாச்சும் குக்கர்ல வப்பாளா?"

"நேர்காணல் யாருக்கு?"

"நமக்குத்தேன்."

"போன் பண்ணுனவுக எம்பேரத்தான சொன்னாக?"

"பேரு ஒம்பேருதேன். அதுக்குன்னு நான் கசங்குன சட்டையோட போயி நிக்கவா?"

"நேத்து வடிச்ச கஞ்சிய என் சீலைக்குப் போட்டுட்டேன். ஒங்க சட்டைய நீங்க பாத்துக்கங்க. எனக்குப் படிக்கிற வேலை கெடக்கு."

"படிக்கிறியா? என்னத்தப் படிக்கிற?"

"எந்தத் தெருவுல வெளக்கு எரியல, எந்தக் கண்மா மடை ஒடஞ்சு கெடக்கு, அம்புட்டும். கேட்டா சொல்லணும்ல?"

"அதெல்லாம் நான் பேசிக்கிறேன்."

"தெரியும். அதுக்குத்தேன் படிக்கிறேன்."

நல்லகாமன் சட்டையோடு வெளியே வந்தான். ஊரில் ஒரே ஒரு தேய்ப்புக் கடை இருந்தது. அதை நடத்தியது தவசியின் மச்சினன். அங்கே சட்டையைக் கொடுத்தால், பொண்டாட்டி கஞ்சி போட மறுத்துவிட்டாள் என்ற செய்தி சட்டைக்கு முன்னால் தவசி வீட்டுக்குப் போய்ச் சேரும். இருக்கிற பழைய சட்டையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போகலாமே என்று நாம் நினைக்கலாம். நல்லகாமனுக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தோன்றவில்லை.

மறுநாள் ஊரில் சிவனாண்டி வீட்டுக் காதுகுத்து. பந்தல் போட்டு, பள்ளிக்கூட மைதானத்தில் அடுப்பு மூட்டி, வட்டாரத்தையே கூப்பிட்டிருந்தார்கள். தவசியும் வந்திருந்தான். வந்தவர்களில் பாதிப்பேர் கையில் செல்போன் இருந்தது. மீதிப்பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லகாமன் மூக்கு முட்டப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனபோது அடுப்பங்கரையில் அந்தக் காட்சியைக் கண்டான். சமையல் மாஸ்டர் அழகுபாண்டியின் ஆட்கள் அடுத்த பந்திக்கு ஒரு பெரிய குண்டாவைச் சாய்த்து அரிசியை வடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று, ஆவி பறக்க, கஞ்சி வாய்க்காலாக ஓடித் தரையில் போய்க்கொண்டிருந்தது.

"என்ன மாப்ள, அம்புட்டையும் கீழ ஊத்துற?"

"பாசுமதி வடிச்ச தண்ணிண்ணே. தம்முல போடுறதுக்கு முக்காப் பதம் எடுத்தாச்சு. இனிமே அது எதுக்கு?"

"ஒரு வாளி குடேன்."

"ஒங்களுக்கு எதுக்குண்ணே?"

"மாட்டுக்கு."

"ஒங்க வீட்ல மாடு நிக்குதா?"

"வாங்கப்போறேன்."

அழகுபாண்டி ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனால் வேலை நெருக்கடி. நல்லகாமன் வீட்டுக்கு ஓடிப்போய் கையில் கிடைத்த வாளியைக் கொண்டுவந்தான். பாசுமதிக் கஞ்சி! ரேஷன் அரிசியிலேயே சட்டை இந்த நிற்பு நிற்கிறதென்றால், இவ்வளவு நீளமான அரிசியில் எப்படி நிற்கும் என்று அவன் புத்தி போனது. பிரியாணிக்கு அரிசி வேகவைக்கும் தண்ணீரில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிரிஞ்சி இலை, உப்பு, ஒரு கரண்டி எண்ணெய் எல்லாம் போடுவார்கள் என்பது, பிரியாணியை இலையில் மட்டுமே சந்தித்த ஒரு மனிதனுக்கு எப்படித் தெரியும்? வாசனை அடித்ததே என்றால், அந்த மைதானத்தில் அன்றைக்கு வேப்பமரம்கூடப் பிரியாணி வாசம்தான் அடித்தது.

ஜெயக்கொடி குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நல்லகாமன் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். கஞ்சியைத் தன் துண்டிலேயே வடிகட்டினான். ஊற்றிய அவசரத்தில் துண்டின் ஒரு முனை நழுவியதைக் கவனிக்கவில்லை. நீலம் விட்டபோது பாட்டில் கை நழுவிச் சட்டை வானத்தின் நிறத்துக்குப் போனது. அலசி மறுபடி முக்கினான். மொட்டை மாடியில், பக்கத்து வீட்டுக் கண்ணுக்குப் படாமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காயப்போட்டு, காக்கா விரட்டுவது போலப் பக்கத்திலேயே நின்றான்.

தேய்க்க ஆரம்பித்த பிறகுதான் சட்டை என்ற பொருளில் இத்தனை மூலை இருப்பது அவனுக்குத் தெரிந்தது. ஒரு கையைத் தேய்த்தால் மறு கை சுருங்கியது. முன்பக்கத்தைத் திருத்தினால் முதுகு கெட்டது. காலரை நடுவிலிருந்து நுனிக்குத் தேய்த்தான். நுனியில் சுருக்கம் குவிந்தது. திரும்பத் தண்ணீர் தெளித்து, நுனியிலிருந்து நடுவுக்கு வந்தான். காலர் படிந்தது. அந்தக் கணத்தில் அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷம், கிளைச் செயலாளர் ஆனபோது ஏற்பட்டதைவிடக் குறைவானது அல்ல. சட்டைப்பையின் அடியில் மட்டும் மிளகளவுக்கு ஒரு புடைப்பு. நூல் முடிச்சாக இருக்கும் என்று பெட்டியை அதன்மேல் வைத்து அழுத்தினான். 'டக்' என்றது. புடைப்பு அடங்கியது.

மறுநாள் வாடகைக் காரில் கிளம்பினார்கள். ஜெயக்கொடி கஞ்சி போட்ட நூல் சேலையில் பின்சீட்டில் உட்கார்ந்து தன் தாளைப் படித்துக்கொண்டு வந்தாள். கணவன் சட்டையை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். காலரில் குறை சொல்ல இடமில்லை. யார் போட்டது என்று கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லவேண்டியிருக்கும். நல்லகாமன் முன்சீட்டில் சாயாமல், மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாற்போல் வந்தான்.

காரில் ஏசி வேலை செய்யவில்லை. உசிலம்பட்டி தாண்டியதும் வெயில் ஏறியது. நல்லகாமனுக்கு வேர்த்தது. காய்ந்த கஞ்சி வாயைத் திறக்காது. வேர்வை பட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

செக்கானூரணி கிட்ட வந்தபோது டிரைவர், "அண்ணே, எதாச்சும் சாப்பிட்டுட்டுப் போயிருவமா? ஏன்னு தெரியல, திடீர்னு அகோரமாப் பசிக்குது," என்றான்.

"ஏங்க, நேத்து பிரியாணி பொட்டலம் எதுவும் கட்டிட்டு வந்தீகளா?" என்றாள் ஜெயக்கொடி.

"இல்லையே."

"பின்ன என்ன வாசம்?"

"ரோட்டுக் கடையா இருக்கும்."

அந்த ரோட்டுக் கடை மதுரை காளவாசல்வரை அவர்களோடு வந்தது.

நேர்காணல் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கீழே கூட்டம் காத்திருந்தது. மாடியில் மணமகள் அறையில் மாவட்டச் செயலாளரும், சென்னையிலிருந்து வந்திருந்த மேலிடப் பார்வையாளரும் உட்கார்ந்து ஒவ்வொரு வார்டாகக் கூப்பிட்டார்கள். பெண்கள் வார்டுதான் அன்றைக்கு. ஆனால் மண்டபத்தில் வேட்டிகளே அதிகம். நல்லகாமன் மின்விசிறிக்கு அடியில் போய் நின்றான். சற்று நேரத்தில் பேச்சு மாறியது.

"மத்தியானச் சாப்பாடு பிரியாணியாம்ல?"

"யாரு சொன்னா?"

"வாசம் வருதுல்ல, மூக்கு என்ன அவிஞ்சா போச்சு?"

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் சாப்பாட்டுக்கூடத்தின் பக்கம் நகர்ந்தது. கதவைத் திறந்து பார்த்தால் அடுக்கிவைத்த நாற்காலிகளும் ஒரு டீ கேனும். ஏமாந்தவர்கள் திரும்பி வந்து, வாசம் எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடிக்க ஆரம்பித்தார்கள். தவசி மூக்கை உயர்த்திக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, நல்லகாமனுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவன் முகத்தில் ஏதோ ஒரு கணக்குச் சரியாக வந்ததுபோல் ஒரு தெளிவு.

முதலில் முனீஸ்வரியைக் கூப்பிட்டார்கள். தவசியும் கூடப் போனான். பார்வையாளர், "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டார். "முனீஸ்வரி," என்றான் தவசி. எவ்வளவு படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "பத்தாவது பாஸ்," என்றான் தவசி. பார்வையாளர் சர்க்கரை நோயாளி. வேளைக்குச் சாப்பிட வேண்டியவர். காலையிலிருந்து கணவர்களையே பேட்டி கண்டு களைத்திருந்தார். "சரி, போங்க," என்றார்.

ஜெயக்கொடியும் நல்லகாமனும் உள்ளே நுழைய, தவசி வெளியேறாமல் கதவருகே நின்று, மாவட்டச் செயலாளரிடம் தன் செல்போனை நீட்டினான்.

"அண்ணே, சொல்லக்கூடாதுன்னுதேன் இருந்தேன். கட்சி நல்லதுக்காக."

படத்தில் பிரியாணிக் குண்டா. பின்னால் பந்தி. குண்டாவுக்குப் பக்கத்தில் கையில் வாளியோடு, ஆவிக்கு நடுவில், பல் தெரியச் சிரித்தபடி நல்லகாமன்.

மாவட்டச் செயலாளர் படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்தார். "என்னய்யா இது?"

"சிவனாண்டி வீட்டுக் காதுகுத்துங்கண்ணே."

"காது சிவனாண்டி வீட்டுக் காது. வாளி ஏன்யா ஒன் கைல இருக்கு? வாளியத் தூக்குறவன்தேன் விருந்து போடுறவன். எனக்கே சொல்லிக் குடுக்கிறியா?"

"ரூமுக்குள்ள நுழைஞ்சதிலேருந்து வாசனை வேற தூக்குது," என்றார் பார்வையாளர், எச்சில் விழுங்கியபடி. "கைகூடக் கழுவாம வந்துட்டார் போல. தலைமை சொன்னது தெரியும்ல? இந்த மனுவைத் தள்ளிடலாம்."

நல்லகாமன் யோசித்தான். விருந்து போட்டேன் என்று ஒப்புக்கொண்டால் சீட்டுப் போகும். ஆனால் அவன் ஊர்ப்பக்கம் ஊருக்குச் சோறு போட்டு சீட்டை இழந்தவனுக்குத் தனி மரியாதை உண்டு. உண்மையைச் சொன்னால் சீட்டு நிற்கும். ஆனால் கதவருகே தவசி நிற்கிறான்.

"ஆமாண்ணே," என்றான் நல்லகாமன். "ஏதோ ஒரு ஆர்வத்துல, நம்ம சனத்துக்கு..."

"என்னது ஆமா?" என்றாள் ஜெயக்கொடி.

"நீ சும்மா இரு. ஆம்பளைக பேசிட்டிருக்கோம்."

"எங்க, அந்தப் போனக் குடுங்க." அவளே வாங்கிப் பார்த்தாள். விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பிறகு பார்வையாளரிடம் திரும்பினாள். "சார், இது எங்க வீட்டுக் குளியலறை வாளி. பிடி ஒடஞ்சு கம்பி போட்டுக் கட்டியிருக்கேன், பாருங்க. இந்த வாளில ஊருக்குச் சோறு போட்டிருந்தா, இன்னைக்கு ஊரே ஆஸ்பத்திரில கெடக்கும்."

மாவட்டச் செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கம்பி தெரிந்தது.

"பின்ன எதுக்குய்யா குளியலறை வாளியோட அடுப்புக்கிட்டப் போன?"

நல்லகாமன் கதவருகே நின்ற தவசியைப் பார்த்தான். ஜெயக்கொடி அவனைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவுமில்லை. வழியெல்லாம் படித்துவந்த தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இனி அது தேவைப்படாது என்று அவள் முடிவு செய்துவிட்டது போலிருந்தது. அதைப் பார்த்ததும் நல்லகாமனுக்கு உள்ளே ஏதோ இடறியது.

"கஞ்சிக்குண்ணே," என்றான்.

"என்ன கஞ்சி?"

"சட்டைக்கு."

"யாரு சட்டைக்கு?"

"எஞ்சட்டைக்குத்தேன். நாந்தேன் போட்டேன். நாந்தேன் தேச்சேன்."

கதவருகே தவசியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல் ஆரம்பித்து, பிறகு சுவரைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போனது.

"யோவ், பொய் சொன்னாலும் பொருத்தமாச் சொல்லுய்யா," என்றார் மாவட்டச் செயலாளர். "ஒன் வீட்டம்மா போடுற கஞ்சியப் பத்தித்தான மேடைக்கு மேடை பேசுவ? ஒன் கையால நீ கஞ்சி போட்டேன்னா எவன் நம்புவான்?"

"எப்படிப் போட்டீங்க, சொல்லுங்க," என்றார் பார்வையாளர்.

நல்லகாமன் தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தான். துண்டில் வடிகட்டியது, நீலம் கொட்டியது, அலசியது. காலருக்கு வந்தபோது குரல் தானாக நிமிர்ந்தது. "காலர நுனிலருந்து நடுவுக்குத்தேன் சார் தேய்க்கணும். மாத்தித் தேச்சா நுனி கெட்டுப்போகும். இந்தா, பாருங்க, ஒரு சுருக்கம் இருக்கா? இந்தப் பையில மட்டும் ஒரு முடிச்சு..." சொல்லிக்கொண்டே விரலை விட்டான். முடிச்சு சுரண்டச் சுரண்ட வந்தது. ஒட்டியிருந்ததைப் பிய்த்து மேசைமேல் வைத்தான். பழுப்பாக, தட்டையாக, தேய்ப்புப் பெட்டியின் பாரம் முழுக்கத் தாங்கிய ஒரு கிராம்பு.

பார்வையாளர் அதை எடுத்து முகர்ந்தார். அப்புறம் எழுந்து வந்து சட்டையின் கையை முகர்ந்தார். "ஏலக்காயும் இருக்கு," என்றார், கொஞ்சம் ஏக்கத்தோடு.

மாவட்டச் செயலாளர் சிரிப்பை அடக்க மேசைக்கு அடியில் எதையோ தேடினார்.

"சரி, விருந்து இல்லைன்னு ஆயிடுச்சு," என்றார் பார்வையாளர். "நீங்க வெளியே இருங்க. வேட்பாளர்கிட்ட பேசணும்."

"அவளுக்கு இதெல்லாம் பேசிப் பழக்கமில்ல சார், நான் கூட இருந்தா..."

"நீங்க இருந்தா எனக்குப் பசிக்குது. வெளியே இருங்க."

கதவு சாத்தப்பட்டது. நல்லகாமனும் தவசியும் வராந்தாவில் நின்றார்கள். கீழேயிருந்து மாடிப்படியில் சிரிப்பு ஏறி வந்துகொண்டிருந்தது. யாரோ அதற்குள் சொல்லிவிட்டார்கள். தவசி கண்ணைத் துடைத்துக்கொண்டான். இனி அவன் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று நல்லகாமன் தோளை இறக்கி நின்றான்.

"பங்காளி," என்றான் தவசி, குரலைத் தாழ்த்தி. "மைதால கிண்டிப் பாரு. வாசமே இருக்காது."

உள்ளே ஜெயக்கொடி பேசிய நேரம் அன்றைக்கு மற்ற எவரும் பேசியதைவிட அதிகம். தாளை எடுக்கவில்லை. கண்மாய் மடையைப் பற்றிச் சொன்னாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு முன்னால் போய்விடும் பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள். சாயங்காலம் நடந்தே வரும் பிள்ளைகளைத் தெருப்பேரோடு சொன்னாள். போன தடவை கட்சி ஏன் அந்த வார்டில் தோற்றது என்று கேட்டார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் யாரும் காரைவிட்டு இறங்கவில்லை, வெயிலில் சட்டை கசங்கிவிடும் என்று பயந்தார்கள் என்றாள். மாவட்டச் செயலாளர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

கடைசியாகப் பார்வையாளர் கேட்டார். "ஜெயிச்சா, உங்க வீட்டுக்காரர்தானே ஆபீஸ்ல வந்து உட்காருவார்?"

"அவருக்கு எங்க சார் நேரம்?" என்றாள் ஜெயக்கொடி. "வீட்ல துணி கெடக்கு."

சாயங்காலம் கீழே மண்டபத்தில் பெயர்களை வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல், விசில், மாவட்டச் செயலாளர் கையால் ஒரு சால்வை. அவர்கள் வார்டு வந்தது. "ஜெயக்கொடி" என்று வாசித்தவர், இன்னார் மனைவி என்று சேர்க்காமல் விட்டுவிட்டார். மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று தெரியவில்லை. நல்லகாமன் கைகளை அகட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்து மேடைக்குப் போனான். பல வருடப் பழக்கம். மாவட்டச் செயலாளர் சால்வையை விரித்துக்கொண்டு வந்ததும் கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தான்.

சால்வை அவன் தலைக்கு மேலாகப் போய் ஜெயக்கொடியின் தோளில் விழுந்தது.

கூட்டம் ஆரவாரம் செய்தது. குனிந்த கழுத்தை உடனே நிமிர்த்தினால் எல்லோருக்கும் தெரிந்துபோகும் என்று நல்லகாமன், கழன்ற செருப்பைத் தேடுகிறவன்போல மேடைப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றான். போட்டோக்காரன், "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கங்க, அக்காவ மறைக்கிறீக," என்றான். தள்ளிக்கொண்டான்.

ஜெயக்கொடியை மைக் முன்னால் வரச் சொன்னார்கள். அவள் சால்வையை எடுத்து மடித்து, தள்ளி நின்ற நல்லகாமன் கையில் வைத்தாள்.

"இந்தாங்க, பிடிங்க. பேசிட்டு வாரேன்."